பாட்டும் பட்டாவும்

காற்றலை நகரங்கள் – 11

சென்ற இதழில் நியூயார்க்கின் 107.5-இல் இருந்தோம். ஹார்லெம் வழக்கறிஞர் பெர்சி சட்டனும் அவருடைய கூட்டாளிகளும் கட்டிய இன்னர் சிட்டி நிறுவனம், டபிள்யூ.பி.எல்.எஸ். என்ற நிலையத்தைக் கறுப்பின மக்களின் சொந்த வீடுபோல ஆக்கியதைப் பார்த்தோம். ஃபிராங்கி குரோக்கர் என்ற மாயக்காரர் அந்த வீட்டுக்கு ஊரையே விருந்துக்கு அழைத்ததையும் பார்த்தோம். இந்த வாரம் எதிர்வீட்டுக் கதை. டயலை இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால் 98.7 வரும். அங்கே நிறுத்துங்கள்.

எதிர்வீடு என்றாலும் ஒரு வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 107.5-இல் பேசியவர்களும் கேட்டவர்களும் கறுப்பர்கள், முதலாளியும் கறுப்பர். 98.7-இல் பேசியவர்களும் கேட்டவர்களும் அப்படியே. முதலாளி மட்டும் ஒருநாளும் கறுப்பர் இல்லை. குடியிருந்தவர் ஒருவர், பட்டா வைத்திருந்தவர் வேறொருவர். பாட்டு ஓடுகிறவரை பட்டாவைப் பற்றி யார் நினைக்கப் போகிறார்கள்?

மனை, பட்டா என்று நான் சொல்வது வெறும் உவமை இல்லை. வானொலித் தொழிலில் உண்மையான சொத்து அலைவரிசை உரிமம்தான். ஒலிப்பதிவுக் கூடத்தை மாற்றலாம், தொகுப்பாளரை மாற்றலாம், நிலையத்தின் பெயரையே மாற்றலாம். நியூயார்க் போன்ற ஊரில் புதிதாக ஒரு பண்பலை எண்ணை உண்டாக்க மட்டும் முடியாது. இருப்பதை விற்கலாம், வாங்கலாம், குத்தகைக்கு விடலாம். இனி வரப்போகும் கதை முழுவதும் இந்த ஒரு உண்மையில்தான் தொங்குகிறது.

98.7 மனையில் முன்பு குடியிருந்தது டபிள்யூ.ஓ.ஆர். எஃப்.எம். உரிமையாளர் ஆர்.கே.ஓ. ஜெனரல் நிறுவனம், அதற்கும் மேலே, கார்ச் சக்கரத்துக்கு டயர் செய்யும் ஜெனரல் டயர் கம்பெனி. அந்தக் காலத்தில் பண்பலை என்பது வானொலி வீட்டின் பின்கட்டு. முன்கட்டான ஏ.எம்.மில் போவதையே பின்கட்டிலும் போட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள். பெரிய நகரங்களில் இப்படி ஒரே சரக்கை இரண்டு கடையிலும் நாள் முழுக்க வைக்கக் கூடாது என்று 1960களின் நடுவில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் விதி போட்டது. பின்கட்டில் என்ன செய்வது என்று முதலாளிகளுக்குத் தெரியவில்லை. தெரியாததாலேயே அங்கே நல்லது நடந்தது. 1966-இல் மர்ரே த கே, ராஸ்கோ போன்றவர்கள் வந்து உட்கார்ந்து, தங்களுக்குப் பிடித்த ராக் பாடல்களைத் தங்கள் இஷ்டப்படி போட்டார்கள். ராஸ்கோ என்ற பெயரில் பேசிய வில்லியம் மெர்சர் கறுப்பினத்தவர். குரலில் கனமும் கவிதையும் உள்ள மனிதர். ஓராண்டு சற்றுக் கடந்ததும் நிர்வாகம் பாட்டுப் பட்டியலைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. 1967 அக்டோபரில் ராஸ்கோ ஒலிபரப்பின் நடுவிலேயே, நேயர்களிடம் காரணத்தைச் சொல்லிவிட்டு வேலையை உதறிப் போனார்.

1972-இல் அந்த வீட்டுக்கு 99 எக்ஸ் என்று பெயர் வைத்து வெற்றிப் பாடல்களை ஓட்டினார்கள். கொஞ்ச காலம் நடந்தது. 1978-இல் 92.3-இல் இருந்த டபிள்யூ.கே.டி.யு. முழுக்க முழுக்க டிஸ்கோவுக்கு மாறி, சில மாதங்களிலேயே நகரத்தின் முதலிடத்தைப் பிடித்தது. மெல்லிசைக்குப் பெயர்போன நிலையம் ஒரே கோடையில் ஊரை ஆடவைத்ததைப் பார்த்த ஆர்.கே.ஓ. நிர்வாகத்துக்குப் புத்தி வந்தது. நகரத்தின் பணம் நடனத்தளத்தில் இருந்தது. அந்த நடனத்தளத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பர்களும் ஸ்பானிய மொழியினரும். 1981 கோடையில் 98.7 டபிள்யூ.ஆர்.கே.எஸ். ஆயிற்று. மக்கள் வாயில் அது கிஸ் எஃப்.எம்.

பிறந்த கதை இவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பிறந்த குழந்தை. ஆனால் கணக்கில் பிறந்ததெல்லாம் கணக்குப்படி வளர்வதில்லை.

நிகழ்ச்சிப் பொறுப்பு பாரி மேயோ என்ற இளைஞரிடம் வந்தது. எதிரில் குரோக்கர் என்ற மலை நிற்கிறது. குரோக்கருக்கு மிடுக்கு உண்டு. சினாட்ராவையும் மார்வின் கேயையும் ஒரே மாலையில் கோத்துத் தருவார். அவருடைய நிலையம் கறுப்பினச் சமூகத்தின் வரவேற்பறை. வரவேற்பறையில் போட்டியிட்டால் தோற்றுவிடுவோம் என்று கிஸ் தெருவுக்கு இறங்கியது.

முதலில் இறங்கியது கலவைத் தட்டுகளோடு. ஷெப் பெட்டிபோன் என்ற டி.ஜே., மூன்று நிமிடப் பாட்டை வெட்டி, ஒட்டி, தாளத்தை நீட்டி, ஒரு பாட்டுக்குள் இன்னொன்றைக் கரைத்து வானொலிக்கென்றே தனிப் பதிப்புகள் செய்து கொடுத்தார். கிஸ் அவற்றை 'மாஸ்டர்மிக்ஸ்' என்று ஒலிபரப்பியது. 1982-இல் பிரிலூட் நிறுவனம் அவற்றை நிலையத்தின் பெயரோடு இசைத்தட்டாகவே வெளியிட்டது. ஒரு வானொலியின் பெயர் தட்டின் அட்டையில் விற்பனைச் சரக்காக ஏறியது என்றால் அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? பெட்டிபோன் பின்னாளில் மடோனாவின் 'வோக்' பாடலுக்கு இசைத் தயாரிப்பாளர் ஆனவர். அவர் கை பழகிய இடம் இது.

அடுத்தது ராப். இதில் 107.5 முந்திக்கொண்டது. மிஸ்டர் மேஜிக் என்பவர் அங்கே ராப்புக்கென்றே நிகழ்ச்சி நடத்த ஆரம்பித்தார். பக்கத்தில் தட்டுகளைச் சுழற்றியவர் மார்லி மார்ல். கிஸ் சும்மா இருக்குமா? பிராங்ஸின் ஹிப்–ஹாப் தலைவரான ஆஃப்ரிகா பம்பாட்டாவின் கூட்டத்திலிருந்து ஆள் எடுத்தது. 1983 முதல் கூல் டி.ஜே. ரெட் அலர்ட் வார இறுதி இரவுகளில் உட்கார்ந்தார். பதினோரு ஆண்டுகள் அந்த நாற்காலி அவருடையது.

வெள்ளி, சனி இரவு நியூயார்க்கில் ஒரு பதின்வயதுப் பையனுக்கு அப்போது ஒரே வேலைதான். கேசட் ரெக்கார்டரில் வெற்று நாடாவைப் போட்டு, விளம்பரம் வரும்போது நிறுத்தி, பாட்டு வரும்போது அழுத்திக்கொண்டே இருப்பது. 107.5-ஐப் பதிவுசெய்வதா, 98.7-ஐப் பதிவுசெய்வதா என்பது அந்தப் பையன் எந்தப் பேட்டையைச் சேர்ந்தவன் என்பதைச் சொல்லிவிடும். இரண்டு பெட்டி உள்ள வீட்டுக்காரன் பாக்கியசாலி. அந்த நாடாக்கள் கைமாறிக் கைமாறி, வேறு ஊர்களில் உள்ள சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய், அலை எட்டாத இடங்களில்கூடக் கிஸ்ஸை ஒலிக்கவைத்தன. இன்றைக்கும் அந்த ஒலிப்பதிவுகளைத் தேடிச் சேகரிப்பவர்கள் உண்டு. விளம்பரத்தை நிறுத்திப் பதிந்த பழைய கஞ்சர்களை அவர்கள் திட்டவும் செய்கிறார்கள், இப்போது அந்த விளம்பரங்களும் வரலாறு ஆகிவிட்டதால்.

1986, 87-இல் இந்தப் போட்டி பாட்டாகவே வெடித்தது. ஹிப்–ஹாப் எங்கே பிறந்தது, குவீன்ஸ்பிரிட்ஜிலா தெற்கு பிராங்ஸிலா என்று இரண்டு கூட்டம் தட்டு மேல் தட்டாக வெளியிட்டுச் சண்டை போட்டன. குவீன்ஸ்பிரிட்ஜ் கட்சியின் மூளை மார்லி மார்ல். ஆகவே அதன் மேடை 107.5. கே.ஆர்.எஸ்.–ஒன் தலைமையிலான பிராங்ஸ் கட்சிக்கு மேடை தந்தவர் ரெட் அலர்ட். புதுத்தட்டு ஒன்று வெள்ளிக்கிழமை இரவு ஒரு நிலையத்தில் விழுந்தால், பதில் எப்போது வரும் என்று நகரமே காத்திருந்தது. நம் பட்டிமன்ற ரசிகர்களுக்கு இந்த ருசியை விளக்க வேண்டியதில்லை. யார் ஜெயித்தார்கள் என்பது இன்றும் முடியாத வழக்கு. கிஸ் ஜெயித்தது என்பேன் நான். காரணம், வரவேற்பறையாக இருந்த 107.5-ஐத் தெருவுக்கு இழுத்து வந்து தன் களத்தில் சண்டை போடவைத்தது அதுதான்.

இத்தனைக்கும் நடுவில் பட்டாக்காரரின் வீட்டில் இடி விழுந்துகொண்டிருந்தது. தாய்க் கம்பெனி வெளிநாடுகளில் லஞ்சம் கொடுத்தது, அதைப் பற்றி ஆணையத்திடம் உண்மை பேசாதது என்று 1980-இலேயே ஆர்.கே.ஓ. ஒலிபரப்பு உரிமம் வைத்திருக்கத் தகுதியற்றது என ஆணையம் முடிவு செய்தது. வழக்கு இழுத்துக்கொண்டு போனது. 1987-இல் மறுபடியும் அதே தீர்ப்பு வந்ததும், இனித் தப்ப முடியாதென்று நிலையங்களை ஒவ்வொன்றாக விற்றார்கள். 98.7-ஐ 1989-இல் சம்மிட் கம்யூனிகேஷன்ஸ் வாங்கியது. நேயருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. வெள்ளிக்கிழமை ரெட் அலர்ட் வந்தார், அது போதும்.

அதே 1989-இல் ஞாயிறு காலையில் 'ஓப்பன் லைன்' என்ற உரையாடல் நிகழ்ச்சி தொடங்கியது. இதைப் பிறகு பார்ப்போம்.

இனி வருகிறவர் இந்தக் கதையின் முக்கியப் பாத்திரம். இண்டியானாபொலிஸ்காரர் ஜெஃப் ஸ்முல்யன். அவருடைய கம்பெனியின் பெயர் எம்மிஸ். யூத மக்களின் பேச்சுமொழியில் 'உண்மை' என்று பொருள். 1987-இல் நியூயார்க்கின் ஏ.எம். 1050-இல் இருந்த நாட்டுப்புறப் பாட்டு நிலையத்தை மூடிவிட்டு, 24 மணி நேரமும் விளையாட்டை மட்டுமே பேசும் டபிள்யூ.எஃப்.ஏ.என். என்ற நிலையத்தைத் தொடங்கியவர் இவர்தான். உலகத்தில் முழுநேர விளையாட்டு வானொலி என்ற சாதியே அதற்கு முன் கிடையாது. பைத்தியக்காரத்தனம் என்று தொழிலில் இருந்தவர்களே சிரித்தார்கள். 1050 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், மறுபடியும் வரும்.

எம்மிஸ்ஸிடம் நியூயார்க்கில் 97.1-உம் இருந்தது. ஹாட் 97. நடனப் பாடல்களில் தொடங்கிய அது, 1992-இல் ஃபங்க்மாஸ்டர் ஃபிளெக்ஸை அழைத்து வந்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் முழு ஹிப்–ஹாப் நிலையமாக மாறியது. கிஸ்ஸின் இளைஞர்கள் அங்கே நகர ஆரம்பித்தார்கள். ஒரே இரவில் அம்மாவுக்கு லூதர் வேண்ட்ராஸும் பையனுக்கு ராப்பும் போட்டு இருவரையும் பிடித்து வைத்த கிஸ்ஸின் வித்தை பலிக்கவில்லை. ராப் வந்தால் அம்மா அணைத்தாள். லூதர் வந்தால் பையன் 97.1-க்குத் திருப்பினான்.

அதுவரை இருந்த சட்டப்படி ஒரு ஊரில் ஒருவருக்கு ஒரே பண்பலை நிலையம்தான். 1992-இல் ஆணையம் அந்த விதியைத் தளர்த்தி, ஒரே சந்தையில் இரண்டு வைத்துக்கொள்ளலாம் என்றது. வானொலி வரலாற்றை எழுதுபவர்கள் பலர் 1996-இன் தொலைத்தொடர்புச் சட்டத்தைத்தான் பிரளயம் என்பார்கள். நியூயார்க்கைப் பொறுத்தவரை மதகு திறந்தது 1992-இல். 1994-இல் எம்மிஸ் கிஸ்ஸை வாங்கியது. எதிரியை ஒழிக்க இதைவிடச் சுருக்கமான வழி உண்டா?

ஆனால் ஸ்முல்யன் ஒழிக்கவில்லை, பாகப்பிரிவினை செய்தார். 1994 டிசம்பரில் பிள்ளைகள் 97.1-க்கு, பெற்றோர் 98.7-க்கு. ரெட் அலர்ட் ஹாட் 97-க்கு அனுப்பப்பட்டார். கிஸ்ஸில் வம்புப் பேச்சால் புகழ் பெற்ற வெண்டி வில்லியம்ஸும் அங்கே போனார். பின்னாளில் தொலைக்காட்சியில் தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தியவர் இவர்தான். 98.7-இல் ராப் நின்றது. அந்த இடத்தில் 1960, 70களின் ஆன்மா இசையும் புதிய, மென்மையான ஆர் அண்ட் பி பாடல்களும் வந்தன. தொழில்மொழியில் இதற்குப் பெயர் 'அர்பன் அடல்ட் கன்டெம்பரரி'. 'அர்பன்' என்றால் நகரம். விளம்பரதாரரிடம் 'கறுப்பர்' என்று சொல்லாமலே சொல்லும் இடக்கரடக்கல். 'அடல்ட்' என்றால் 25 முதல் 54 வரை: வீட்டு வாடகை கட்டுகிறவர்கள், கார் வாங்குகிறவர்கள், இன்ஷூரன்ஸ் எடுக்கிறவர்கள். மூன்று சொல்லில் இசையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஆண்டின் ஒரு பாட்டை வைத்தே இந்தப் பாகப்பிரிவினையைப் புரிந்துகொள்ளலாம். 1983-இல் 'ம்டூமே' என்ற குழுவின் 'ஜூசி ஃப்ரூட்' கறுப்பின வானொலிகளில் பெரும் வெற்றி. கிஸ்ஸின் அம்மாக்கள் இளம்பெண்களாக இருந்தபோது ஆடிய பாட்டு. 1994 ஆகஸ்டில் புரூக்ளின் ராப் பாடகர் நட்டோரியஸ் பி.ஐ.ஜி. அதே தாளத்தை அடியில் விரித்து 'ஜூசி' என்ற தட்டை வெளியிட்டார். நான்கு மாதம் கழித்து, மேல்பாட்டு 97.1-இலும் அடிப்பாட்டு 98.7-இலுமாக வீடு பிரிந்தது. ஒரே தாளம், இரண்டு சமையல். அந்தத் தாளத்தைச் செய்த ஜேம்ஸ் ம்டூமே எங்கே போனார் என்பதையும் சொல்கிறேன்.

புதிய கிஸ்ஸை அறிவிக்க பாரி வைட்டின் குரலைப் பிடித்தார்கள். பாதாளத்திலிருந்து தேன் ஊறி வருவதுபோன்ற அந்தக் குரல், ஆர் அண்ட் பி–யையும் பழைய ஆன்மா இசையையும் தருவதாக வாக்குக் கொடுத்தது. 1996-இல் காலை நிகழ்ச்சிக்கு ஐசக் ஹேஸையே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். 'ஷாஃப்ட்' படப் பாடலுக்கு ஆஸ்கர் வாங்கிய மனிதர், காலை ஆறு மணிக்கு மைக் முன்னால். மோட்டவுன் நிறுவனத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக வெற்றிப் பாடல்கள் எழுதித் தந்த நிக்கோலஸ் ஆஷ்ஃபோர்ட்–வேலரி சிம்ப்சன் தம்பதியும் இங்கே நிகழ்ச்சி நடத்தினார்கள். அவர்கள் போட்ட பாட்டுகளில் பல அவர்களே எழுதியவை. நேயரின் இளமைக்கு இசையமைத்தவரே வந்து அந்த இளமையைப் பற்றி நேயரோடு பேசுவது வேறு எந்த வியாபாரத்தில் நடக்கும்?

இரவில் லெனி கிரீன். 'கிஸ்ஸிங் ஆஃப்டர் டார்க்' என்ற பெயரில் மெல்லிய காதல் பாட்டுகளை அடுக்கிக்கொண்டு போவார். பேச்சு குறைவு, இடைவெளி நீளம். பகலெல்லாம் மருத்துவமனையிலும் அஞ்சலகத்திலும் பேருந்து ஓட்டியும் களைத்தவர்களுக்கு அது தாலாட்டு. இந்த இரவு வகைக்குப் 'குவயட் ஸ்டார்ம்' என்று பெயர். அது பிறந்த ஊர் வாஷிங்டன்.

இப்போது ஞாயிறு காலை. அமெரிக்க நிலையங்கள் பொதுநலப் பேச்சை யாரும் எழுந்திராத ஞாயிறு விடியலில் தள்ளிவிடுவது வழக்கம். கடமைக்குப் போட்டோம் என்று கோப்பில் எழுதிக்கொள்ளலாம் அல்லவா? 'ஓப்பன் லைன்' அந்த மூலையிலிருந்துதான் வளர்ந்தது. செய்திப் பொறுப்பாளர் பாப் ஸ்லேட், பாப் பிக்கெட், இவர்களோடு நம்முடைய ஜேம்ஸ் ம்டூமே. மைல்ஸ் டேவிஸின் குழுவில் தாளவாத்தியம் வாசித்துவிட்டு, 'ஜூசி ஃப்ரூட்' செய்துவிட்டு, ஐம்பது வயதை நெருங்கியபோது இங்கே வந்து அரசியல் பேசினார். போலீஸ் அத்துமீறல், பள்ளிக்கூடம், தேர்தல், வாடகை. தொலைபேசியில் வருகிறவர்களோடு அவர்கள் சண்டையும் போடுவார்கள், திருத்தவும் செய்வார்கள். தேவாலயத்துக்குப் போகும் வழியில் காரில் பாதி கேட்டுவிட்டு மீதிக்காக வண்டியிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. கிஸ்ஸை மக்கள் விரும்பியதற்குப் பாட்டு ஒரு காரணம் என்றால், ஞாயிறு காலை இன்னொன்று. பாட்டை வேறெங்கும் கேட்கலாம். இது வேறெங்கும் கிடைக்காது.

இறக்கம் எங்கே தொடங்கியது? நேயர் ஓடிவிட்டார், பாட்டை இணையத்தில் கேட்க ஆரம்பித்துவிட்டார் என்பது வழக்கமான பதில். அதில் கொஞ்சம் உண்மை உண்டு; ஆனால் அது சோம்பேறி உண்மை. கிஸ்ஸுக்கு முதலில் அடி விழுந்தது விளம்பரக் கணக்கில்.

கறுப்பின நேயரைக் கொண்ட நிலையம் நூறு பேரைச் சேர்த்தாலும், விளம்பரதாரர் நூறு பேருக்கான காசு தருவதில்லை. எங்கள் பொருள் அந்தப் பக்கம் வேண்டாம் என்று சில கம்பெனிகள் ஏஜென்சிகளிடம் வாய்மொழியாகவே சொல்லி வைத்திருந்தன. தொழிலில் இதற்கு 'நோ அர்பன்' உத்தரவு என்றே பெயர். ஆணையத்துக்காக 1999-இல் வெளியான ஓர் ஆய்வு இதை ஆதாரத்தோடு எழுதியது. விளம்பர ஒப்பந்தங்களில் இனப் பாகுபாடு கூடாது என்று ஆணையம் விதி செய்தது 2007 டிசம்பரில். எட்டு ஆண்டுகள்.

அடுத்த ஆண்டே இன்னொரு அடி. அதுவரை யார் எதைக் கேட்டார்கள் என்பதை, தேர்ந்தெடுத்த நேயர்கள் ஒரு டைரியில் எழுதி அனுப்புவார்கள். மனிதர் டைரியில் எழுதும்போது தன் அன்பையும் சேர்த்து எழுதுவார். காலையில் அரைமணி கேட்டதை 'காலை முழுதும் கிஸ்' என்பார். 2008-இல் ஆர்பிட்ரான் நிறுவனம் டைரியை எடுத்துவிட்டு, இடுப்பில் செருகும் பேஜர் போன்ற ஒரு கருவியைக் கொடுத்தது. காதில் விழுவதை அது தானாகப் பதியும். கருவிக்கு அன்பு தெரியாது. கறுப்பின, ஸ்பானிய நிலையங்களின் எண்கள் சரிந்தன. கருவியைத் தூக்கிக்கொண்டு நடக்க யாரைச் சேர்த்தீர்கள், எத்தனை கறுப்பின இளைஞர்களைச் சேர்த்தீர்கள் என்று கேட்டு நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஆண்ட்ரூ குவோமோ அந்த அக்டோபரில் வழக்குப் போட்டார். 2009 ஜனவரியில் சமரசம். ஆள் சேர்க்கும் முறையைத் திருத்துவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனால் கருவி போகவில்லை. அதற்குள் பொருளாதார மந்தம் வேறு வந்து விளம்பரப் பணத்தையே வற்றவைத்துவிட்டது.

107.5-உம் இதற்குள் அதே வயதினரை, அதே பாட்டுகளால் தேடிக்கொண்டிருந்தது. ஒரே தெருவில் இரண்டு இட்லிக் கடை; இரண்டிலும் கூட்டம் உண்டு, இரண்டிலும் கல்லா பாதி. பெர்சி சட்டன் 2009 டிசம்பரில் இறந்தார். இன்னர் சிட்டி கடனில் மூழ்கித் திவால் நீதிமன்றத்துக்குப் போனது. அதை வாங்கிய ஒய்.எம்.எஃப். மீடியாவின் முதலீட்டாளர்களில் ஒருவர் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன்.

எம்மிஸ்ஸுக்கும் கழுத்தளவு கடன். நியூயார்க்கில் தனக்கிருந்த 101.9-ஐ அது 2011-லேயே பெரும்பகுதி விற்றுவிட்டது. அந்த வேளையில் ஈ.எஸ்.பி.என். கதவைத் தட்டியது. அவர்களுடைய நியூயார்க் விளையாட்டு நிலையம் ஏ.எம். 1050-இல் இருந்தது. ஆம், ஸ்முல்யன் 1987-இல் விளையாட்டு வானொலியைப் பிறக்கவைத்த அதே 1050. ஏ.எம். பக்கம் திரும்புகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். விளையாட்டுக்கும் பண்பலை மனை தேவைப்பட்டது.

2012 ஏப்ரல் 26 வியாழக்கிழமை அறிவிப்பு வந்தது. 98.7-ஐ ஈ.எஸ்.பி.என். 12 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கிறது. முதலாண்டுக் குத்தகை 84 லட்சம் டாலர், பிறகு ஆண்டுக்கு 3.5 விழுக்காடு ஏற்றம். கிஸ்ஸின் பெயரும் அடையாளமும் மட்டும் ஒரு கோடி டாலருக்கு ஒய்.எம்.எஃப்.-க்குப் போகின்றன. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முப்பது ஆண்டுப் பெயருக்கு ஒரே ஒரு முறை ஒரு கோடி. வெறும் மனைக்கு, யார் பேசினாலும் பேசாவிட்டாலும், முதலாண்டிலேயே அதற்குச் சற்றே குறைந்த தொகை, பிறகு வருடா வருடம் ஏற்றம். பெயரை வாங்கியவர்கள் அதைப் பலகையில் எழுதவுமில்லை. 107.5 தன் பெயரிலேயே தொடர்ந்தது. ஒரு கோடி கொடுத்து வாங்கியது எதிர்க்கடையின் மூடிய கதவைத்தான் என்பது என் கணிப்பு.

ஞாயிறு நள்ளிரவு தாண்டி, ஏப்ரல் 30 பிறந்ததும் கிஸ் நின்றது. திங்கள் காலை 98.7-ஐத் திருப்பியவர்களுக்குக் கிடைத்தது விளையாட்டுப் பேச்சு. லெனி கிரீன் 107.5-க்குப் போனார். 'ஓப்பன் லைன்' நிகழ்ச்சியும் அங்கே போனது. ம்டூமே அங்கும் பேசினார். 2022 ஜனவரியில் மறைந்தார். அதே 2012 நவம்பரில், எம்மிஸ் விற்ற 101.9-க்கு டபிள்யூ.எஃப்.ஏ.என். வந்து சேர்ந்தது. ஒரே ஆண்டில், எம்மிஸ் ஒரு காலத்தில் பாட்டு ஒலிக்கவிட்ட இரண்டு மனைகளில், ஸ்முல்யன் கண்டுபிடித்த வியாபாரம் குடியேறியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கிஸ்ஸுக்கு ஐசக் ஹேஸைக் கொண்டுவந்த காலத்தில் இருந்த முதலாளியும் அவர்தான். கடன்காரன் வாசலில் நின்றால் முதலில் விலைபோவது நகை. நகை யாருடைய கழுத்தில் அழகாக இருந்தது என்று அடகுக் கடையில் கேட்பதில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014-இல் எம்மிஸ் 13.1 கோடி டாலர் கொடுத்து 107.5-ஐயும் அதன் ஏ.எம். துணையையும் ஒய்.எம்.எஃப்.-இடமிருந்து வாங்கியது. எதிர்வீடு எதிர்வீடாக இருந்த காலம் அதோடு முடிந்தது. சட்டன் கட்டிய வீட்டின் பட்டாவும் இண்டியானாபொலிஸ் போய்ச் சேர்ந்தது. 2019-இல் ஹாட் 97-ஐயும் டபிள்யூ.பி.எல்.எஸ்.-ஐயும் மீடியாகோ என்ற புதுக் கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தபோது, எம்மிஸ் தன் கையில் நிறுத்திக்கொண்டவற்றில் ஒன்று 98.7. பாட்டு இருந்த நிலையங்களைக் கொடுத்துவிட்டு, குத்தகை வரும் மனையை வைத்துக்கொண்டது.

குத்தகை 2024 ஆகஸ்ட் 31-இல் முடிந்தது. ஈ.எஸ்.பி.என். நியூயார்க் அதைப் புதுப்பிக்கவில்லை. எந்த ஏ.எம்.மை விட்டு ஓடி வந்ததோ, அதே ஏ.எம்.முக்கு, 880-க்குத் திரும்பிப் போய்விட்டது.

அடுத்த இதழில் வாஷிங்டன் போகிறோம். ஹோவர்டு பல்கலைக்கழக வானொலியில் 1976-இல் பயிற்சிக்கு வந்த மாணவர் மெல்வின் லிண்ட்சே ஓர் இரவு மைக்கின் முன் உட்கார்ந்த கதை.

(தொடரும்)